நம் கல்லூரி மகளிர் கைப்பந்துக் குழு இந்தப் பருவத்தில் எவ்வளவு தூரம் போகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் அதைச் சுற்றியும் உள்ள கல்லூரி, பல்கலைக்கழக மகளிர் கைப்பந்து (வாலிபால்) குழுக்களைப் பற்றி ஆட்டக்காரர்களும் பெற்றோரும் புதிதாகப் பொறுப்பேற்கும் மாணவர் நிர்வாகிகளும் பருவத்துக்கு முன் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தத் தரத்தில் ஒரு குழுவின் வாய்ப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது எதிராளியின் சர்வீஸை வாங்கும் முதல் தொடுதல்தான். கீழே உள்ள பதில்களில் பல அங்கேதான் போய் நிற்கும்.

பருவம் தொடங்கும் முன்பே குழுவின் வாய்ப்பை மதிப்பிட முடியுமா?

முடியும். இரண்டு நட்புமுறை ஆட்டங்களும், ஒரு நோட்டுப் புத்தகமும், பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாகக் குறித்துக்கொள்ளும் ஒருவரும் போதும்.

முதலில் சர்வீஸ் வாங்குவதைக் குறியுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பந்து செட்டர் (இரண்டாவது தொடுதலில் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நிற்கும் இடத்துக்கே வந்து, அவர் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம் என்ற நிலை இருந்தால் 3. செட்டர் இரண்டு மூன்று அடி நகர வேண்டியிருந்து, நடுவில் வேகமாக அடிக்கும் வழி அடைபட்டால் 2. யாரோ ஓடிப்போய் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கிவிட மட்டுமே முடிந்தால் 1. நேராகப் புள்ளி போனாலோ, பந்து வலையைத் தாண்டி எதிராளி கைக்கே சுலபமாகப் போனாலோ 0.

எடுத்துக்காட்டாக, ஒரு செட்டில் 24 முறை வாங்கியிருக்கிறார்கள். அதில் 3 மதிப்பெண் ஆறு முறை, 2 பதினொரு முறை, 1 ஐந்து முறை, 0 இரண்டு முறை. கூட்டினால் 45. வகுத்தால் ஏறக்குறைய 1.9. கல்லூரித் தரத்தில் 1.6க்குக் கீழே இருக்கும் குழு, எவ்வளவு பலமாக அடிப்பவர் இருந்தாலும் குழுநிலைச் சுற்றைத் தாண்டத் திணறும். 1.9 என்றால் யாருடனும் ஆடலாம். 2.2ஐத் தொட்டால் அரையிறுதியை நினைத்துப் பயிற்சியைத் திட்டமிடலாம். இவை களத்தில் பழகிய அளவுகோல்கள்தான், விதிப்புத்தகத்தில் இருப்பவை அல்ல. குழுவோடு குழுவை ஒப்பிடுவதைவிட, அதே குழுவை வாரத்துக்கு வாரம் ஒப்பிடும்போதுதான் இவற்றுக்கு முழுப் பயன்.

அடுத்து, எதிராளி சர்வீஸ் போட்ட பந்துகளில் எத்தனையை நாம் புள்ளியாக்கினோம் என்று எண்ணுங்கள். 24இல் 13 என்றால் 54 விழுக்காடு. 50க்குக் கீழே போனால், எதிராளி வரிசையாக நான்கு ஐந்து புள்ளி எடுக்கும் ஓட்டங்கள் ஒவ்வொரு செட்டிலும் வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, நாமே தூக்கிக் கொடுத்த புள்ளிகள். வலையில் போன சர்வீஸ், வெளியே அடித்த ஸ்பைக் (குதித்துக் கீழ்நோக்கி அடிக்கும் அடி), வலையைத் தொட்டது, சுழற்சித் தவறு (ஆறு பேரும் வரிசையாக இடம் மாறி நிற்பதில் பிழை) எல்லாம் சேர்த்து ஒரு செட்டுக்கு 8க்குள் இருக்க வேண்டும். 12ஐத் தாண்டினால், எதிராளிக்கு வேண்டிய 25இல் பாதியை நாமே கொடுத்துவிட்டோம்.

ஸ்பைக் அடிப்பவர்களை எப்படி எண்ணுவது? நன்றாக அடிக்கிறார் என்றால் போதாதா?

போதாது. புள்ளியான அடிகளிலிருந்து தவறான அடிகளைக் கழித்து, மொத்த முயற்சிகளால் வகுக்க வேண்டும். 30 முறை அடித்து 12 புள்ளி, 6 தவறு என்றால் 0.200. கல்லூரி ஓர அடிப்பாளருக்கு அது மதிக்கத்தக்க அளவு. 30இல் 14 புள்ளி எடுத்து 12 தவறு செய்பவர் கண்ணுக்குப் பெரிய ஆட்டக்காரராகத் தெரிவார். அவருடைய எண் 0.067. கைதட்டல் வாங்கும் அடியை மட்டும் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் பிழை இது.

இந்த முறை உயரமான புதிய மாணவிகள் இருவர் வந்திருக்கிறார்கள். இனி வெற்றிதானே?

உயரம் நல்லதுதான். ஆனால் அளக்க வேண்டியது ஓடிவந்து குதித்துத் தொடும் உயரம். மகளிர் வலையின் உயரம் 2.24 மீட்டர். பந்தின் குறுக்களவு 21 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். வலைக்கு மேலே பந்தைக் கீழ்நோக்கி அடிக்க, உள்ளங்கை பந்தில் படும் இடம் ஏறக்குறைய 2.50 மீட்டருக்காவது வர வேண்டும். விரல்நுனி தொடும் உச்சம் அதைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். ஆக, சுவரில் சாக்பீஸ் தடவிய விரலால் தொடச் சொல்லும்போது 2.62 முதல் 2.65 வரை வந்தால் அவரால் ஓரத்தில் ஆட முடியும். 1.63 மீட்டர் உயரமுள்ள பெண்ணின் நின்றபடி தொடும் உயரம் 2.10 அளவில் இருந்தால், அவருக்கு வேண்டியது 52 முதல் 55 சென்டிமீட்டர் குதிப்பு. எட்டிவிடக்கூடியதுதான். 1.75 மீட்டர் உயரமிருந்தும் காலடி வரிசை தெரியாமல் பந்துக்கு அடியிலேயே போய் நிற்பவர் பல வாரங்களுக்கு வலைக்குள்தான் அடிப்பார்.

நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. தாய்லாந்து மகளிர் குழு ஆசியாவிலேயே உயரம் குறைந்த குழுக்களில் ஒன்று. 2009, 2013, 2023 என மூன்று முறை ஆசிய வெற்றியாளர் பட்டம் வென்றது. பல ஆண்டுகள் அதை நடத்திய செட்டர் நூட்சாரா தொம்கொம் 1.70 மீட்டர் அளவுதான். முதல் பாஸ் செட்டரின் தலைக்கு மேல் வரும். அங்கிருந்து எதிராளியின் தடுப்பு (வலையோரம் குதித்துக் கையால் மறிப்பது) கூடும் முன்பே பந்து போய்விடும். உங்கள் குழுவில் உயரம் குறைவென்றால் அவர்களின் ஆட்டங்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்பைக்கை விட்டுவிட்டு, சர்வீஸ் வாங்குபவரின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

உயரமான புதியவர்களை முதலில் மிடிலில், அதாவது வலையோரம் நடுவில், தடுப்புக்கு நிறுத்துங்கள். தடுப்பு, அடிப்பதைவிட விரைவில் கைவரும். ஒரு பருவத்துக்குள் பயன் கிடைக்கும்.

போன ஆண்டு ஆடிய எல்லாரும் இருக்கிறார்களே, குழு குறைய என்ன இருக்கிறது?

பெயர்ப்பட்டியலோடு தொழிற்பயிற்சி அட்டவணையையும் வைத்துப் பாருங்கள். கோலாலம்பூர்க் கல்லூரிக் குழுக்கள் பருவத்தின் நடுவில் உடைவதற்கு இதுவே பெரிய காரணம், காயங்களைவிடவும். டிப்ளோமா கடைசி செமஸ்டர் மாணவி மூன்று முதல் ஆறு மாதம் இண்டர்ன்ஷிப் போய்விடுவார். ஷா ஆலாமிலோ சைபர்ஜெயாவிலோ வேலை என்றால் மாலை ஏழு மணிப் பயிற்சிக்கு வந்து சேர முடியாது. போட்டி நாளில் விடுப்பு கிடைக்குமா என்பதும் உறுதியில்லை.

தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்குப் பல முறை புதிய சேர்க்கை உண்டு. சரியாகப் பயன்படுத்தினால் அது வரம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு வாரத்துக்குள் தேர்வு நடத்துங்கள். ஆண்டுக்கு ஒரே தேர்வு என்று வைத்திருக்கும் குழு, இடையில் வரும் நல்ல ஆட்டக்காரர்களைப் பூப்பந்துக்கும் நடனக் குழுவுக்கும் விட்டுக்கொடுத்துவிடுகிறது.

எண்ணிக்கையாகச் சொன்னால், பயிற்சியில் 16 பேர் வேண்டும். இரண்டு பேர் இண்டர்ன்ஷிப், ஒருவருக்குக் கணுக்கால், ஒருவருக்குத் தேர்வு என்று போனாலும் ஆறுக்கு ஆறு ஆட 12 பேர் மிஞ்சுவார்கள். 11 பேரை வைத்துக்கொண்டு பருவத்தைத் தொடங்கும் குழு முழு ஆட்டத்தைப் பயிற்சியில் ஆடவே முடியாமல் போட்டிக்குப் போகும்.

பள்ளியில் வலைப்பந்து (நெட்பால்) மட்டுமே ஆடியவரைச் சேர்க்கலாமா?

தாராளமாக. மலேசியப் பள்ளிகளில் பெண்கள் அதிகம் ஆடும் ஆட்டங்களில் வலைப்பந்தும் ஒன்று. அங்கிருந்து வருபவர்களுக்குக் குதிப்பும், பந்து வரும் திசையைப் படிக்கும் கண்ணும் இருக்கும். மாற்ற வேண்டிய பழக்கங்கள் இரண்டு. ஒன்று, பந்தைப் பிடிக்கும் கை. விரலால் தொடும்போது பந்து கையில் ஒரு கணம் தங்கினால் நடுவர் ஊதிவிடுவார். அதனால் முதல் மூன்று வாரம் முன்கை பாஸ் மட்டும் கொடுங்கள், விரல் பாஸ் பிறகு. மற்றது, ஒற்றைக் காலில் இறங்குவது. ஸ்பைக் முடிந்து இரண்டு காலிலும், முழங்கால் மடங்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்குங்கள்.

எங்கள் செட்டர் பட்டம் பெற்றுப் போய்விட்டார். என்ன செய்வது?

பருவத்தின் மிகக் கடினமான கேள்வி இதுதான்.

அனுபவமுள்ள ஒரு செட்டர் இருந்தால் 5-1 முறை: ஐந்து பேர் அடிக்க, ஒருவரே எல்லாச் சுழற்சியிலும் தூக்குவார். அவர் முன்வரிசையில் நிற்கும் மூன்று சுழற்சிகளில் முன்னால் அடிப்பவர் இருவர்தான், அதை ஏற்றுக்கொள்கிறோம். 6-2 முறையில் செட்டர் இருவர். பின்வரிசையில் நிற்பவர் தூக்குவார், முன்னால் வந்தவர் அடிப்பார், எப்போதும் மூன்று அடிப்பாளர்கள். கேட்க நன்றாக இருக்கும். இணையத்தில் அமெரிக்கக் கல்லூரிக் குழுக்கள் செட்டர் முன்வரிசைக்கு வந்ததும் வெளியே எடுத்து அடிப்பாளரை இறக்குவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் முயல்கிறார்கள். நாம் ஆடும் சர்வதேச விதியில் ஒரு செட்டுக்கு ஆறு மாற்றங்கள் மட்டுமே. முதல் ஆறில் இருந்தவர் வெளியே போனால் அந்தச் செட்டில் ஒரு முறைதான் திரும்ப வரலாம், அதுவும் தன் பழைய இடத்துக்கே. செட்டரையும் ஆப்போசிட்டையும் (சுழற்சியில் செட்டருக்கு நேரெதிர் இடத்தில் ஆடும் அடிப்பாளர்) இரட்டையாக மாற்றித் திரும்ப எடுத்தாலே நான்கு மாற்றம் தீர்ந்துவிடும். ஆக, இங்கே 6-2 ஆட வேண்டுமானால் இரு செட்டர்களுக்கும் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் வழியில்லாத புதிய குழுவுக்கு 4-2 அவமானமில்லை. முன்வரிசையில் இருக்கும் செட்டரே தூக்குவார். பின்னாலிருந்து ஓடிவரும் சிக்கலே இல்லை. அதை ஒழுங்காக ஆடும் குழு, அரைகுறை 5-1 ஆடும் குழுவைப் பல நேரம் வென்றுவிடும்.

புதிய செட்டரை எங்கிருந்து எடுப்பது? மெதுவாக அடிப்பவரைச் செட்டராக்குவது வழக்கம். அது வேண்டாம். இரண்டாவது பந்துக்கு முதலில் ஓடுபவர் யார், தோற்கும்போதும் முகம் மாறாதவர் யார் என்று பாருங்கள். அவருக்கு நாள்தோறும் 200 பந்துகள்: 100 நின்றபடி, 60 ஓடிவந்து, 40 மோசமான பாஸிலிருந்து. சுவர் இருந்தால் அறைத் தோழி ஒருவர் போதும், கூடம் வேண்டாம். எட்டு வாரத்தில் ஓரத்துக்குச் சரியான உயரத்தில் தூக்கும் நிலை வந்துவிடும். நடுவில் வேகப்பந்து கொடுக்க ஒரு பருவம் ஆகும். அதுவரை அவரைத் திட்டாதீர்கள்.

ஒவ்வொரு செட்டிலும் ஏதோ ஓர் இடத்தில் ஐந்தாறு புள்ளி வரிசையாகப் போகிறது. ஏன்?

பெரும்பாலும் அது ஒரே சுழற்சியாக இருக்கும். புள்ளி எண்ணுபவரிடம் ஒவ்வொரு புள்ளிக்கும் செட்டர் எந்த இடத்தில் நின்றார் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆட்டத்திலேயே எந்தச் சுழற்சியில் ஓட்டை என்று தெரிந்துவிடும்.

5-1 ஆடும் குழுக்களுக்கு அதிகம் வலிப்பது, செட்டர் 1ஆம் இடத்தில், அதாவது பின்வரிசை வலது மூலையில், நிற்க எதிராளி சர்வீஸ் போடும் சுழற்சி. வழக்கமான வரிசையில் அப்போது ஆப்போசிட் இடது ஓரத்திலும், வழக்கமாக இடது ஓரத்தில் அடிக்கும் அவுட்சைட் அடிப்பாளர் வலது ஓரத்திலும் மாட்டிக்கொள்வார்கள். இருவருமே பழகாத பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். செட்டரோ பின் மூலையிலிருந்து வலைக்கு ஓடி வரவேண்டும். எதிராளியின் பயிற்றுநருக்கு விவரம் தெரிந்தால், சர்வீஸைச் செட்டர் ஓடும் பாதையிலேயே போடச் சொல்வார்.

தீர்வு மூன்று உண்டு. அந்தச் சுழற்சியை வாரத்துக்கு 20 நிமிடம் தனியாகப் பயிற்சி செய்வது. ஆப்போசிட்டுக்கு இடது ஓரத்திலிருந்து தினம் 15 பந்து அடிக்கக் கொடுப்பது. மூன்றாவது, இன்னும் எளிது: செட்டை வேறு சுழற்சியில் தொடங்கி, அந்த இடம் எதிராளியின் மென்மையான சர்வீஸ் போடுபவரோடு பொருந்தும்படி செய்வது. இரண்டு புள்ளி போனதுமே டைம் அவுட் கேளுங்கள். ஒரு செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 வினாடி. ஆறாவது புள்ளி போன பிறகு கேட்கும் டைம் அவுட் பெரும்பாலும் வீண்.

குதித்து அடிக்கும் சர்வீஸ் பழக வேண்டுமா?

இந்தப் பருவத்துக்கு வேண்டாம். சுழலாமல் தள்ளாடிப் போகும் ஃப்ளோட் சர்வீஸ் போதும். பந்தைக் கையிலிருந்து 40 முதல் 60 சென்டிமீட்டருக்கு மேல் தூக்காமல், உள்ளங்கையின் அடிப்பகுதியால் நடுவில் தட்டி, தட்டிய இடத்திலேயே கையை நிறுத்துங்கள். பந்து வலைக்கு மேல் அரை மீட்டருக்குள் போக வேண்டும். சர்வீஸ் கெடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் உயரமாகவும் கோணலாகவும் தூக்குவதுதான். அடிக்கும் கையைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.

எங்கே போடுவது: வாங்குபவர் இருவருக்கு நடுவில். அடுத்து, முன்வரிசை ஓர அடிப்பாளருக்கு முன்னால் குட்டையாக. அவர் குனிந்து வாங்கிவிட்டு ஓடிவந்து அடிக்கத் தாமதமாகும். தவறு பத்துக்கு ஒன்று என்றால் சரி. ஏழுக்கு ஒன்று என்றால் அதிகம். எதிராளி டைம் அவுட் எடுத்த உடனேயும், முந்தைய சர்வீஸைத் தோழி கெடுத்த பிறகும், 23க்கு மேலும் கட்டாயம் உள்ளே போட வேண்டும். நடுவர் ஊதியபின் 8 வினாடிதான். கோட்டை மிதித்தால் புள்ளி போய்விடும்; பூப்பந்துக் கோடுகளோடு கலந்து கிடக்கும் தரையில் இது அடிக்கடி நடக்கிறது.

லிபரோவாக (பின்வரிசையில் மட்டும் ஆடி, பந்தை வாங்கிக் காப்பவர்) யாரை நிறுத்துவது? உயரம் குறைந்தவரையா?

மேலே சொன்ன 0–3 எண்ணில் முதலிடம் வருபவரை, அவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும். லிபரோ சர்வீஸ் போட முடியாது, தடுப்புக்குக் குதிக்க முடியாது, வலைக்கு மேலிருக்கும் பந்தை அடித்து அனுப்ப முடியாது. முன்பகுதிக்குள், அதாவது 3 மீட்டர் கோட்டுக்கு முன்னால், நின்று விரலால் தூக்கிக் கொடுத்தால் அந்தப் பந்தை யாரும் வலைக்கு மேலே வைத்து அடிக்கக் கூடாது. புதிய லிபரோக்கள் இந்தக் கடைசி விதியில்தான் புள்ளி இழக்கிறார்கள். அந்த இடத்தில் முன்கையால் தூக்கினால் பிரச்சினை இல்லை.

சத்தம் போடத் தெரியாத லிபரோ பாதி லிபரோதான். "மைன்" என்றோ "சாயா" (மலாயில் "நான்") என்றோ, பல இனத்தவரும் சேர்ந்த குழுவில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரே சொல்லை முதல் நாளே முடிவு செய்யுங்கள். இருவர் நடுவே விழும் பந்துகளில் பாதி, சத்தமின்மையால் விழுபவை.

கூடம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் கிடைக்கிறது, அதுவும் பூப்பந்துக்காரர்களோடு பங்கு. 12 வாரத்தில் என்ன செய்ய முடியும்?

கிடைக்கும் நேரத்தில் பாதியைச் சர்வீஸுக்கும் அதை வாங்குவதற்கும் கொடுங்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஸ்பைக் அடிக்கும் பயிற்சி பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் 14 பேர் வரிசையில் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஒரு பந்துகூடக் கிடைக்காது.

முதல் மூன்று வாரம் உடல் வலுவும் முன்கைப் பாஸும். இதற்கு வலை வேண்டாம். கூடம் இல்லாத நாளில் கார் நிறுத்துமிடத்தின் கூரைக்கடியிலும் செய்யலாம், ஆனால் சிமெண்டுத் தரையில் குதிக்க விடாதீர்கள். நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை சுழற்சிகள். எட்டிலிருந்து பத்து வரை வாரம் ஒரு நட்புமுறை ஆட்டம், உங்களைவிடப் பலமான குழுவோடு. ஆண்கள் குழுவின் இரண்டாம் அணியைச் சர்வீஸ் போடச் சொல்வதும் நல்ல வழி. கடைசி இரண்டு வாரம் நேரத்தைக் குறைத்து வேகத்தை அப்படியே வைத்திருங்கள்.

ஒவ்வொரு பந்தும் சர்வீஸிலிருந்து தொடங்கட்டும். பயிற்றுநர் கையால் எறிந்து தொடங்கும் பந்துகளில் அழகாக ஆடிவிட்டு, போட்டியில் முதல் பாஸே நிற்காமல் போன குழுக்கள் ஏராளம்.

கூரை தாழ்ந்து விசிறி சுழலும் பள்ளி மண்டபத்தில் பழகினால் பாஸ் தானாகத் தாழ்ந்துவிடும். விதிப்படி ஆடுகளத்துக்கு மேல் 7 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். போட்டிக்கு முன் இரண்டு முறையாவது உயரமான உள்ளரங்கில் வாடகை கொடுத்து ஆடுங்கள். வெளிச்சமும் ஆழமும் மாறும்போது விரல் பாஸ் முதலில் தடுமாறும்.

பந்தும் வலையும் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பந்து 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர், காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. பிஎஸ்ஐ காட்டும் கருவியில் 4.3 முதல் 4.6. கல்லாக ஊதிய பந்தில் பழகியவர்களுக்கு முன்கை வலி வரும், பாஸ் நீளமாகப் போகும். ஊசியை ஈரமாக்கிச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். வலையை நடுவில் அளந்து 2.24, இரு ஓரமும் ஒரே உயரமாக, நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடாமல் இருக்க வேண்டும்.

எந்தக் காயம் பருவத்தைக் கெடுக்கும்?

கணுக்கால். தடுப்புக்குக் குதித்து எதிராளியின் காலிலோ தோழியின் காலிலோ இறங்கும்போது மடங்குவது. ஓர அடிப்பாளர் வலைக்கு மிக அருகில் தூக்கப்பட்ட பந்துக்குக் குதிப்பதால்தான் பாதி நடக்கிறது. எனவே செட்டரிடம் வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தூக்கச் சொல்வது காயத் தடுப்பும்கூட. லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், அடுத்த நிலை மூன்று முதல் ஆறு வாரம். காலை ஊன்றவே முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். எண்ணெய் போட்டு உருவுவதோடு நிறுத்தாதீர்கள். அடிபட்ட காலால் மட்டும் 15 முறை வலியின்றி நொண்டியடிக்க முடிந்த பிறகே குதிக்க விடுங்கள். அதன்பின் பல மாதம் கணுக்கால் பட்டை கட்டாயம். முதல் சுளுக்கைவிட இரண்டாவது சுலபமாக வரும்.

முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்றால் குதிப்பு கூடிவிட்டது. தொடக்கத்தில் ஒரு பயிற்சிக்கு 50 குதிப்பு, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். ஸ்பைக், தடுப்பு, குதித்துத் தூக்கும் செட் எல்லாமே கணக்கில் வரும்.

வெக்கை, சாப்பாடு, நோன்பு, விரதம்?

குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோ எடை வேர்வையாகப் போவது சாதாரணம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 55 கிலோ உள்ளவர் 1.1 கிலோவுக்கு மேல் இழந்தால் ஆட்டம் தளரும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும், கொஞ்சம் உப்போடு. தரையில் வேர்வை விழுந்த இடத்தைத் துடைக்க ஒருவரைத் துணியோடு நிறுத்துங்கள்.

எப்போதும் களைப்பு, மூச்சு வாங்குதல், மாதவிடாய் அதிகம் என்றால் சோம்பல் என்று முடிவு கட்டாமல் ரத்தத்தில் இரும்புச் சத்தைச் சோதியுங்கள். சைவப் பிள்ளைகளுக்குக் கீரை, பருப்பு, கொண்டைக்கடலையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக் கொடுங்கள். சாப்பிட்ட உடனே தே தாரிக் (பால் தேநீர்) குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

ரமலான் மாதத்தில் முஸ்லிம் தோழிகள் நோன்பிருப்பார்கள். மாலைப் பயிற்சியை நோன்பு திறந்தபின் இரவுக்கு மாற்றுங்கள், அல்லது திறக்கும் நேரத்துக்கு முந்திய ஒரு மணியில் குதிப்பில்லாத பாஸ் பயிற்சி மட்டும் வையுங்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம், காவடி எடுக்கும் பிள்ளைகள் வெறுங்காலில் நீண்ட தூரம் நடந்து பத்துமலையில் 272 படி ஏறியிருப்பார்கள். பாதம் ஆறும்வரை மூன்று நாள் குதிப்பு வேண்டாம். இரண்டும் நாட்காட்டியில் முன்பே தெரிபவை. பருவத் திட்டத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகளைச் சேர்க்க விருப்பம்தான். உடையும் இரவில் வீடு திரும்புவதும்தான் யோசனை.

குட்டைக் கால்சட்டைதான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. முழுக்கால் இறுக்க உடையும், முழுக்கைச் சட்டையும், தூடோங்கும் (தலைமுக்காடு) அணிந்து ஆடுகிறார்கள். குழுவுக்குள் நிறம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவே. சீருடை வாங்கும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வளையல், தொங்கட்டான், மெட்டி கழற்ற வேண்டும். மூக்குத்தியைக் கழற்ற இயலாவிட்டால் நாடா ஒட்டலாமா என்று நடுவரிடம் முன்பே கேளுங்கள்.

பயிற்சி இரவு ஒன்பதரைக்குள் முடிய வேண்டும், எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு மூவர் நால்வராகச் சேர்ந்து போக வேண்டும் என்று குழுவிடம் பெற்றோர் கேட்பது நியாயமானது. நல்ல குழு அதை எழுத்தில் தரும். தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் பயிற்சியை வாரம் ஒன்றாகக் குறைக்குமா என்றும் கேளுங்கள்.

குழுநிலைச் சுற்றில் இரண்டு வெற்றி போதுமா?

நான்கு குழு உள்ள பிரிவில் பெரும்பாலும் போதும், எப்போதும் அல்ல. ஐந்து செட் ஆட்டங்களில் 3-0, 3-1 வெற்றிக்கு 3 புள்ளி. 3-2 என்றால் வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. சர்வதேச முறையில் முதலில் வெற்றி எண்ணிக்கை, பிறகு புள்ளி, பிறகு செட் விகிதம், கடைசியில் ஆட்டப்புள்ளி விகிதம் என்று பார்ப்பார்கள்.

மூன்று குழுக்கள் தலா இரண்டு வெற்றி பெற்றதாக வைத்துக்கொள்வோம். நாம் ஒன்றை 3-0, ஒன்றை 3-2 என வென்று, ஒன்றில் 1-3 எனத் தோற்றால் 5 புள்ளி. நம்மிடம் 2-3 எனத் தோற்ற குழு மற்ற இரண்டையும் 3-1 என வென்றிருந்தால் அதற்கு 7. நாம் வென்ற குழுவே நமக்கு மேலே போய்விடும். தோற்கும் ஆட்டத்தில்கூட இன்னொரு செட் பறிப்பதும், வெல்லும் ஆட்டத்தில் மூன்றாம் செட்டை விளையாட்டாக விட்டுக்கொடுக்காததும் இதனால்தான் முக்கியம். மூன்று செட் மட்டும் ஆடும் போட்டிகளில் புள்ளி முறை மாறும். மேலாளர் கூட்டத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாசும், சுக்கிப்ட்: எதில் நாம் ஆடலாம்?

மாசும் (மலேசியப் பல்கலைக்கழக விளையாட்டு மன்றம்) நடத்தும் போட்டிகள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கானவை. சுக்கிப்ட் (உயர்கல்வி நிலையங்களின் விளையாட்டுப் போட்டி) போட்டியில் பொது, தனியார் உயர்கல்வி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் பங்கேற்கும். பதிவு உங்கள் கல்வி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவு வழியாகத்தான்.

விதியில் புதிதாக ஏதாவது?

2025–2028 சர்வதேச விதிப்புத்தகத்தில் கவனிக்க வேண்டியது, சர்வீஸ் போடும் குழு எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பது. சுழற்சி வரிசையில் நிற்க வேண்டிய கட்டாயம் வாங்கும் குழுவுக்கு மட்டுமே. யாருக்குப் பின் யார் சர்வீஸ் போடுவது என்ற வரிசை மாறவில்லை. உள்ளூர்ப் போட்டி பழைய விதியில் நடக்கலாம், முன்பே கேளுங்கள்.

போட்டி நாளன்று ஆட்டக்களத்துக்கு வெளியே எதில் தோற்கிறார்கள்?

மாணவர் அட்டை காலாவதியானது. சீருடை எண்ணும் பெயர்ப்பட்டியல் எண்ணும் ஒத்துப்போகாதது. லிபரோவுக்கு வேறு நிறச் சட்டை கொண்டுவராதது. சுழற்சித் தாளில் அவசரத்தில் இருவர் இடத்தை மாற்றி எழுதிவிட்டு, அதே வரிசையில் ஒரு செட் முழுக்க ஆட வேண்டிவருவது. முதல் நாள் இரவே ஆறு சுழற்சித் தாள்களை எழுதி, இரண்டாவது ஆளிடம் சரிபார்க்கக் கொடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு கூடுதல் லிபரோ சட்டை, மூன்று சுருள் விரல் நாடா, ஐஸ் பெட்டி, காற்றழுத்தக் கருவி, ஆளுக்கு இரண்டு சாக்ஸ் பையில் இருக்கட்டும். காலை எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழுக்கே போய்ச் சேர்ந்தால், வலைப் பயிற்சிக்கு முன் சர்வீஸ் வாங்க இருபது நிமிடம் கிடைக்கும்.